டி.டி.எஸ். மீட்டர் சொல்லாத சேதி: வேலூர்க் கிணற்றுத் தண்ணீர் எந்தக் கழனிக்கு ஆகும்?

"போர் தண்ணி டி.டி.எஸ். 800 காட்டுது, கத்தரிக்கு விடலாமா?" வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் விவசாயம் பேசுகிற எந்த வாட்ஸப் குழுவிலும் இந்தக் கேள்வி அடிக்கடி தலைகாட்டும். ஆர்.ஓ. மெஷின் வந்ததிலிருந்து டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற மொத்த உப்பைக் காட்டுகிற, பேனா மாதிரி இருக்கிற அந்த மீட்டரும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது, அதைக் கிணற்றிலும் போரிலும் முக்கிப் பார்க்காதவர்கள் குறைவு. கேள்வி விழுந்ததும் பதில்களும் விழும். 500-ஐத் தாண்டினாலே ஆகாது என்பார் ஒருவர், நான் 1500-ல் கரும்பே வைக்கிறேன் என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது குடிநீருக்கு இந்தியத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வைத்திருக்கிற அளவு, வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 2000 வரை போகலாம் என்று அதே தரம் சொல்கிறது. கழனிக்கும் அந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கரும்பு வைக்கிறவருக்கு ஒருவேளை ஆற்றோர மணல்பாங்கான நிலமாக இருக்கும், உப்பு நிற்காமல் கீழே இறங்கிவிடும்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது என்ன உப்பு என்பது வேறு கேள்வி. முதலாவது இந்தப் பருவத்துப் பயிரைப் பார்த்துக்கொள்ளும், இரண்டாவது ஐந்து பத்து வருடத்தில் மண்ணையே பார்த்துக்கொள்ளும். மீட்டர் பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டும்தான். பழைய வடாற்காட்டில் சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு கெடுதலும் தனித்தனி ஊர்களில், சில சமயம் ஒரே ஊரில் அடுத்தடுத்த கிணறுகளிலேயே இருக்கின்றன. ஒன்றுக்குப் பார்க்கிற வைத்தியம் மற்றதற்கு உதவாது.

முதலில் உப்பின் அளவையே பார்த்துவிடலாம், ஏனென்றால் இதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். ஆய்வகத் தாளில் டி.டி.எஸ்.-க்குப் பதிலாக ஈ.சி. என்று, அதாவது மின்கடத்தும் திறன் என்று போட்டிருப்பார்கள், டெசி சீமென்ஸ் அல்லது மைக்ரோ சீமென்ஸ் கணக்கில். ஒரு டெசி சீமென்ஸ் என்றால் 1000 மைக்ரோ சீமென்ஸ், தோராயமாக லிட்டருக்கு 640 மில்லிகிராம் உப்பு. ஈ.சி. 2 என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் பக்கத்தில் யாரும் ஆச்சரியப்படாத எண் அது. லிட்டருக்கு 1280 மில்லிகிராம் ஆகிறது. ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம், 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரே பாய்ச்சலில் 260 கிலோ உப்பு, 50 கிலோ மூட்டையில் ஐந்துக்கு மேல், ஒரு ஏக்கரில் இறங்குகிறது. வேர்க்கடலைக்குப் பத்துத் தண்ணீர் கட்டினால் 2.6 டன். செடி தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும், வெயில் மீதியை ஆவியாக்கும், உப்பில் பெரும்பகுதி அப்படியே மண்ணில் கிடக்கும். மழை கழுவி இறக்கினால்தான் உண்டு. கழுவ வழியில்லாத களிமண்ணில், அடியில் பாறை மேடாக இருக்கிற இடத்தில், வருடா வருடம் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

இந்த உப்பு செடிக்கு என்ன செய்கிறது? விஷமாக வேலை செய்வதற்கு முன்னாலேயே, தண்ணீரை எடுக்கவிடாமல் செய்கிறது. மண் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் வேர் அந்த ஈரத்தை இழுக்கக் கூடுதல் பலம் செலவழிக்க வேண்டும். காலையில் தண்ணீர் கட்டிய கழனியில் மத்தியானம் செடி சோர்ந்து நிற்பதும், இலை சின்னதாகக் கருநீலப் பச்சையாக இருப்பதும் இதனால்தான். தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தண்ணீர் கட்டுவோம், உப்பும் இன்னொரு சுமை ஏறும்.

இப்போது நம் ஊர்த் தண்ணீர். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மூன்றாகப் பிரிந்த இந்த நிலப்பரப்பின் அடியில் பெரும்பாலும் கடினப் பாறைதான், சார்னோகைட்டும் நைஸும் கிரானைட்டும். தண்ணீர் பாறைக்குள் ஊறுவதில்லை. மேலே மக்கிய பாறை அடுக்கிலும் ஆழத்தில் விரிசல்களிலும்தான் தங்குகிறது. பாலாற்றையும் அதில் சேரும் சிற்றாறுகளையும் ஒட்டிய குறுகிய பட்டையில் மட்டும் ஆற்று மணல் படிவு உண்டு. அங்கேதான் காலங்காலமாக நல்ல கிணறுகள் இருந்தன. கெட்டதும் அங்கேதான் முதலில் வந்தது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களை வரிசையாகச் சொன்னால் பாலாற்றுப் படுகையின் வரைபடமே வந்துவிடும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைக் கொட்டி அடுக்கித்தான் கொண்டு வருவார்கள். தொழிற்சாலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவது. அப்புறம் சுண்ணாம்பு, அமிலம், மறுபடி உப்பு, குரோமியம் என்று நீளும். தோல் தொழிற்சாலை என்றால் எல்லோரும் குரோமியத்தைத்தான் பேசுவார்கள். ஆனால் பதனிடப் பயன்படுகிற மூவிணைதிறன் குரோமியம் மண்ணிலும் கசடிலும் ஒட்டிக்கொள்கிற ஜாதி, தண்ணீரோடு அதிக தூரம் போகாது. சோடியம் குளோரைடு அப்படி இல்லை. குளோரைடை எந்த மண்ணும் பிடித்து வைப்பதில்லை, தண்ணீர் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் அதுவும் கூடவே போகும், ஆற்று மணலில் கேட்கவே வேண்டாம். அதனால்தான் இந்தப் பட்டையில் கிணறு கெட்டதை முதலில் நாக்குதான் கண்டுபிடித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும் உயிரிமுறைச் சுத்திகரிப்பால் கரைந்த உப்பைத் தொட முடியவில்லை. நாற்றம் குறையும், குரோமியம் கசடாக இறங்கும், உப்பு அப்படியே வெளியே வரும். எதிர்சவ்வூடு பரவலும் (ஆர்.ஓ.) ஆவியாக்கும் கலன்களும் வைத்தால்தான் உப்பு பிரியும். பிரித்த உப்பை எங்கே வைப்பது என்பது இன்னொரு தலைவலி.

1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் தந்த தீர்ப்பைச் சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்துக்குள் உறுதியாக வந்த இடங்களில் அது ஒன்று என்பதால். விவசாயி அதில் கவனிக்க வேண்டியது வேறு வரி. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்குப்படி தோல் தொழிற்சாலைப் பட்டையில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. 2025 ஜனவரியிலும் இதே பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆக, வேலூரில் கெட்ட தண்ணீர் என்றால் தோல் கழிவு என்று ஒரு சமன்பாடு மனதில் பதிந்துவிட்டது. தொழிற்சாலை பக்கத்திலேயே இல்லை, நம் தண்ணீர் சுத்தம் என்று நினைக்கிற ஊர்களில்தான் இரண்டாவது வகை மாட்டிக்கொள்கிறது. ஆழ்துளைக் கிணற்றில், பாறை விரிசலில் நெடுங்காலம் நின்ற தண்ணீர், பாறைத் தாதுக்களைக் கரைத்துக் கரைத்துச் சோடியத்தையும் பைகார்பனேட்டையும் சேர்த்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து வழியிலேயே படிந்து கழன்றுவிடும். மொத்த உப்பு அதிகம் இருக்காது, அதனால் மீட்டரும் பயமுறுத்தாது.

இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். இவை நான் கணக்குக்காகப் போட்ட தாள்கள், யாருடைய கிணறும் இல்லை, ஆனால் நம் பக்கத்துக் கிணறுகளின் ஜாடைதான். முதல் தாள், தோல் தொழிற்சாலைப் பட்டையில் இருக்கிற திறந்த கிணறு: ஈ.சி. 2.6, கால்சியம் 6, மக்னீசியம் 5, சோடியம் 15, குளோரைடு 17, பைகார்பனேட் 5. இரண்டாவது தாள், ஆழமான போர்: ஈ.சி. 1.2, கால்சியம் 1.5, மக்னீசியம் 1.5, சோடியம் 9, குளோரைடு 3.5, பைகார்பனேட் 7.5, கார அமில நிலை (pH) 8.4. ஈ.சி.யும் கார அமில நிலையும் தவிர மற்ற எண்கள் எல்லாம் லிட்டருக்கு மில்லி ஈக்விவலன்ட் கணக்கு, எடையை விட்டு மின்னூட்டத்தை வைத்து ஒப்பிடுகிற அலகு அது. ஆய்வகம் மில்லிகிராமில் கொடுத்திருந்தால் சோடியத்தை 23-ஆலும், கால்சியத்தை 20-ஆலும், மக்னீசியத்தை 12-ஆலும், குளோரைடை 35.5-ஆலும், பைகார்பனேட்டை 61-ஆலும் வகுத்துக்கொள்ள வேண்டும். இந்த வகுத்தலைச் செய்யாமல் கணக்குப் போட்டுப் பயந்துபோனவர்கள் நிறையப் பேர்.

முதல் தண்ணீருக்கு டி.டி.எஸ். 1600-ஐத் தாண்டும். இரண்டாவதற்கு 770 வரும். மீட்டரைக் கேட்டால் இரண்டாவதைத்தான் கைகாட்டும்.

இப்போது சோடியத்தைப் பார்க்கலாம். களிமண் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாக, பொறுபொறுப்பாக நிற்பதற்குக் கால்சியம் வேண்டும். அந்த இடத்தைச் சோடியம் பிடித்துக்கொண்டால் துகள்கள் பிரிந்து கலங்கி, துவாரங்களில் போய் அடைத்துக்கொள்ளும். நனைந்தால் சேறு, காய்ந்தால் கல். தண்ணீர் மேலேயே நிற்கும், கீழே வேர் காயும். களர் என்று நம் பெரியவர்கள் சொன்ன நிலம் இதுதான். இந்த அபாயத்தை அளக்கிற எண் எஸ்.ஏ.ஆர்., சோடியம் ஈர்ப்பு விகிதம். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அதன் வர்க்கமூலத்தால் சோடியத்தை வகுத்தால் வரும். முதல் தாளில் 15-ஐ 5.5-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 6.4. இரண்டாவதில் 9-ஐ 1.5-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 7.3. கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும்.

வித்தியாசம் பைகார்பனேட்டில் இருக்கிறது. இந்தத் தண்ணீர் கழனியில் ஏறி வற்றும்போது பைகார்பனேட் கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் பிடித்துக் கீழே போட்டுவிடும். சோடியத்தை எதிர்த்து நிற்க இருந்த ஒரே ஆளும் காலி. தாளில் 7.3 என்று இருப்பது மண்ணுக்குள் போனதும் இன்னும் ஏறும். இதை அளக்கிற எண் ஆர்.எஸ்.சி., எஞ்சிய சோடியம் கார்பனேட். கார்பனேட்டையும் பைகார்பனேட்டையும் கூட்டி, அதிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழித்தால் கிடைப்பது. ஈட்டன் என்பவர் 1950-ல் சொன்ன எண் இது. இன்று வழக்கத்தில் இருக்கிற எல்லைகள்: 1.25-க்குக் கீழே கவலையில்லை, 2.5-க்கு மேலே ஆகாது, நடுவில் யோசித்துச் செய்ய வேண்டும். முதல் தண்ணீரில் 5-லிருந்து 11-ஐக் கழித்தால் மைனஸ், பிரச்சினையே இல்லை. இரண்டாவதில் 7.5-லிருந்து 3 போக 4.5. அந்த "நல்ல" தண்ணீரின் லட்சணம் இது.

கையில் குடிநீர்ப் பரிசோதனைத் தாள் மட்டும் இருக்கிறதா, அதிலும் இதைக் கண்டுபிடிக்கலாம். மொத்தக் கடினத்தன்மை, மொத்தக் காரத்தன்மை என்று இரண்டு வரி இருக்கும், இரண்டும் கால்சியம் கார்பனேட் கணக்கில். காரத்தன்மையிலிருந்து கடினத்தன்மையைக் கழித்து 50-ஆல் வகுங்கள். இரண்டாவது போருக்குக் காரத்தன்மை 375, கடினத்தன்மை 150 என்று வந்திருக்கும். மீதி 225, ஐம்பதால் வகுத்தால் அதே 4.5. கடினத்தன்மைதான் பெரிது என்றால் இந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த மாதிரித் தண்ணீரை வீட்டில் கொண்டாடுவார்கள். சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவும் குறைவு. சமையலில் சோடா உப்புப் போட்ட மாதிரிதான், வேறொன்றும் இல்லை. கடுந்தண்ணீர் என்று அடுக்களையில் திட்டு வாங்குகிற தண்ணீரில் கால்சியம் இருக்கிறது, மண்ணுக்கு அது பரவாயில்லை. வீட்டுக்கு உசத்தியான தண்ணீர் கழனிக்கும் உசத்தி என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

படித்தவர்கள் தாளில் சி3-எஸ்2, சி4-எஸ்2 என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க உவர்நில ஆய்வகம் 1954-ல் வெளியிட்ட வரைபடம் அது. சி என்பது உப்பு வகுப்பு: 250, 750, 2250 மைக்ரோ சீமென்ஸ் என்று மூன்று கோடு போட்டு நான்கு வகுப்பாகப் பிரித்தது. எஸ் என்பது சோடியம் வகுப்பு. வேலூர் வட்டார நிலத்தடி நீர் பற்றி எழுதப்படுகிற ஆய்வேடுகளில் பாதி இந்த வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டு, கூடவே சோடியம் சதவீதம், கெல்லி விகிதம், ஊடுருவு குறியீடு என்று நாலைந்து குறியீடுகளையும் அடுக்கும். அவற்றில் பல ஒரே சங்கதியை வேறு வேறு சட்டை போட்டுச் சொல்வதுதான் என்பது என் அபிப்பிராயம். நம் இரண்டு தண்ணீரையும் அந்த வரைபடத்தில் வைத்தால் முதலாவது சி4-எஸ்2, இரண்டாவது சி3-எஸ்2. சோடியம் வகுப்பு இரண்டுக்கும் ஒன்றே! பைகார்பனேட் அந்த வரைபடத்தில் எங்கேயும் கிடையாது. இன்னொரு கோளாறும் உண்டு. உப்பு கூடக் கூட சோடியத்தின் கெடுதலும் கூடும் என்பது போல அதில் கோடுகள் சாய்ந்திருக்கும். மண்ணுக்குள் நடப்பது நேர்மாறு. தண்ணீரில் மொத்த உப்பு அதிகமாக இருக்கிறவரை களித்துகள்கள் சோடியத்தையும் மீறிச் சேர்ந்தே நிற்கும். உப்பு குறைந்த தண்ணீர் படும்போதுதான் பிரியும். உலக உணவு வேளாண் நிறுவனம் 1976-ல் வெளியிட்டு 1985-ல் திருத்திய வழிகாட்டி இதைச் சரிசெய்தது: எஸ்.ஏ.ஆர். 6-லிருந்து 12-க்குள் இருந்தால், ஈ.சி. 1.9-க்கு மேலே என்றால் தண்ணீர் இறங்குவதில் தொந்தரவில்லை, 0.5 முதல் 1.9 வரை ஓரளவு தொந்தரவு, 0.5-க்குக் கீழே கடுமையான தொந்தரவு. என்னைக் கேட்டால் தாளை இந்த வழிகாட்டியோடு ஒப்பிடுவதே போதும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம் ஊர் மழைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. முதல் தாள்காரர் கோடை முழுக்க அந்த உப்புத் தண்ணீரைப் பாய்ச்சுவார், மண் ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கும். ஐப்பசி அடைமழை வரும். மழைத்தண்ணீரில் உப்பே கிடையாது. மேல்மண்ணில் இருந்த உப்பு கழுவிப் போகும், சோடியம் மட்டும் களித்துகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்போதுதான் மண் கலங்கி மேலே ஏடு கட்டும். மழை விட்டு இரண்டு நாளாகியும் பாத்தியில் தண்ணீர் காபி நிறத்தில் தெளியாமல் நின்றால் சோடியம் வேலை செய்கிறது என்று அர்த்தம். வெறும் உவர் நிலத்தில் நிற்கிற தண்ணீர் தெளிந்திருக்கும், காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம், செலவில்லை. கழனியிலிருந்து பட்டாணி அளவில் இரண்டு காய்ந்த மண்கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர், இன்னொன்றில் உங்கள் கிணற்றுத் தண்ணீர். கட்டியை மெதுவாக உள்ளே விட்டுவிட்டுக் கலக்காமல் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். கட்டி உடைந்து சரிவதில் தப்பில்லை. அதைச் சுற்றிப் பால் மாதிரி வெள்ளை மூட்டம் கிளம்புகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் தெளிவாக இருந்து மழைத்தண்ணீரில் மூட்டம் போட்டால் அடைமழையில் உங்கள் மண் என்ன ஆகும் என்று தெரிந்துபோகும், மழைக்கு முன்பே கால்சியம் தருகிற ஜிப்சம் தூவ வேண்டிய நிலம் அது. இரண்டிலும் மூட்டம் போட்டால் சோடியம் ஏற்கெனவே நன்றாக உட்கார்ந்துவிட்டது.

அடுத்தது பயிர். எந்தப் பயிர் எவ்வளவு உப்பு தாங்கும் என்பதற்கு மாஸ், ஹாஃப்மன் என்ற இருவர் தொகுத்த அட்டவணை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. நம் ரகங்களுக்கும் நம் வெயிலுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அதில் ஒவ்வொரு பயிருக்கும் இரண்டு எண்: எந்த அளவு வரை மகசூல் குறையாது என்பது ஒன்று, அதைத் தாண்டினால் ஒவ்வொரு படிக்கும், அதாவது ஈ.சி. ஒரு டெசி சீமென்ஸ் கூடும்போதெல்லாம், எத்தனை சதவீதம் குறையும் என்பது மற்றது. எல்லோரும் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். வேர்க்கடலை மண்ணில் ஈ.சி. 3.2 வரை தாங்கும், கத்தரி 1.1 வரைதான். அப்படியென்றால் உப்புத் தண்ணீருக்கு வேர்க்கடலைதான் சரி என்று தோன்றும். இரண்டாவது எண்ணையும் பாருங்கள்: வேர்க்கடலை எல்லையைத் தாண்டினால் படிக்கு 29 சதவீதம் விழும், கத்தரி 6.9 சதவீதம்தான். வடிகால் சுமாராக இருக்கிற நிலத்தில் மண்ணின் ஈ.சி. தண்ணீரின் ஈ.சி.யைப் போல ஒன்றரை மடங்கில் போய் நிற்கும் என்பது வழக்கமான கணக்கு. முதல் தாளின் 2.6 தண்ணீருக்கு மண்ணில் 3.9. வேர்க்கடலைக்கு இழப்பு 20 சதவீதம், கத்தரிக்கு 19. இரண்டும் ஒன்றாகிவிட்டது. தண்ணீர் இன்னும் கெட்டு 3.2-க்குப் போனால் வேர்க்கடலை 46 சதவீதம் இழக்கும், கத்தரி 26-ல் நிற்கும். கோடையில் கிணறு வற்ற வற்ற உப்பு ஏறுகிற இடத்தில் வேர்க்கடலை போன வருடம் நன்றாக வந்தது, இந்த வருடம் திடீரென்று கவிழ்ந்துவிட்டது என்று கேள்விப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நாட்டுரகம், அந்த மண்ணிலேயே பழகியது. அதற்கென்று தனியாக உப்புத் தாங்கும் எண் எடுத்தால் எவ்வளவோ பிரயோஜனமாக இருக்கும்.

நெல் 3.0 வரை தாங்கி அப்புறம் படிக்கு 12 சதவீதம் விழும். கரும்பு 1.7-லேயே குறைய ஆரம்பித்தாலும் 5.9 என்று மெதுவாகத்தான் இறங்கும். பீன்ஸ் பக்கமே போக வேண்டாம், அதே 2.6 தண்ணீரில் பாதிக்கு மேல் போய்விடும். சோளமும் பருத்தியும் உப்புக்கு அசராதவை. தென்னையும் தாங்கும், தோல் தொழிற்சாலைப் பட்டையில் மற்றது போன பிறகும் தென்னை நிற்பதைப் பார்க்கலாம். நெல்தான் என்று உறுதியாக இருப்பவர்களுக்குத் திருச்சி 1, திருச்சி 3 போன்ற களர் தாங்கும் ரகங்கள் உண்டு.

சரி, தண்ணீரை என்ன செய்வது? உப்பை வடிகட்டி எடுக்கக் கழனிக்கு வழி கிடையாது. முதல் வகைத் தண்ணீருக்கு ஒரே வழி உப்பை வேருக்குக் கீழே தள்ளுவது. செடிக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் கட்ட வேண்டும், அந்தக் கூடுதல் கீழே இறங்கி வெளியேற வடிகாலும் வேண்டும். நெல்லுக்கோ வேர்க்கடலைக்கோ இந்த 2.6 தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் போதும் என்று வாய்பாடு சொல்கிறது. பீன்ஸுக்குப் போட்டுப் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது, அதாவது எவ்வளவு கட்டினாலும் நடக்காது. ஜிப்சம் போட்டால் உப்பு குறையும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம், ஜிப்சமும் ஒரு உப்புதான், மொத்தத்தைக் கூட்டவே செய்யும். முதல் வகை நிலத்தில் அதற்கு வேலை மழைக்கு முன்னால் மட்டும்தான்.

இரண்டாவது வகைத் தண்ணீருக்கு ஜிப்சம்தான் மருந்து. ஒரு மில்லி ஈக்விவலன்ட் குறைக்க ஆயிரம் லிட்டருக்கு 86 கிராம் சுத்தமான ஜிப்சம். 4.5-ஐ 1.5-க்குக் கொண்டுவர மூன்று படி, 258 கிராம். ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர் ஒரு பாய்ச்சலுக்கு என்றால் 52 கிலோ, கடையில் கிடைக்கிற ஜிப்சம் முக்கால் பங்கு சுத்தம் என்று வைத்தால் 70 கிலோ. பத்துத் தண்ணீருக்கு 700 கிலோ. வேர்க்கடலைக்கு மண் அணைக்கும்போது போடுகிற ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோதான், அது காய் திரள்வதற்கான கால்சியத்துக்கும் கந்தகத்துக்கும். அதைப் போட்டுவிட்டோம், தண்ணீர் சரியாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. மோட்டார் தண்ணீர் விழுகிற தொட்டியில் ஜிப்சம் கட்டிகளைப் போட்டு அதன் வழியாகத் தண்ணீரை விடலாம், இல்லாவிட்டால் உழவுக்கு முன் நிலத்திலேயே தூவலாம். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது இதோடு சேர்ந்தால் மண் சீக்கிரம் தேறும்.

சொட்டுநீர் போட்டவர்களுக்குத் தனியாக இரண்டு சேதி. இரண்டாவது வகைத் தண்ணீர் சொட்டுவாயில் சுண்ணாம்பாகப் படிந்து அடைக்கும், அமிலம் விட்டுக் கழுவ வேண்டியிருக்கும். முதல் வகைத் தண்ணீரில் உப்பு ஈரவட்டத்தின் விளிம்பில் போய்ச் சேரும். லேசான முதல் மழை பெய்தால் அந்த விளிம்பு உப்பு அப்படியே வேருக்குள் இறங்கும். அதனால் தூறல் போடும்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும், பார்க்கிறவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை. தெளிப்பான், ரெயின் கன் வைத்திருந்தால் குளோரைடு 3-ஐத் தாண்டினாலே இலை விளிம்பு கருக ஆரம்பிக்கும், முதல் தாளில் 17 இருக்கிறது.

மாதிரி எடுப்பதில்தான் பாதி தப்பு நடக்கிறது. மோட்டாரை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, அதே தண்ணீரில் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை மூன்று தடவை அலசி, காற்று நிற்காமல் வாய் வரை நிரப்பி மூடி, மறுநாளைக்குள் கொடுத்துவிட வேண்டும். கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேண்டாம். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ கேட்கலாம். வெறும் கார அமில நிலையும் ஈ.சி.யும் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், கால்சியம், மக்னீசியம், சோடியம், கார்பனேட், பைகார்பனேட், குளோரைடு ஆறும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம், மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் கிடக்கிற சுற்றுவட்டாரத்தில் கிணறு இருந்தால் குரோமியத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே பிரச்சினை மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு நகர்கிற ஆறிணைதிறன் குரோமியம். பாசனத்துக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான் எல்லை. அதற்கு மாதிரி எடுக்கிற முறையே வேறு, ஆய்வகத்தில் கேட்டுக்கொண்டு பாட்டிலை வாங்கி வர வேண்டும்.

வருடத்துக்கு ஒரு தடவை எடுப்பதென்றால் மே மாதத்தில் எடுங்கள், முடிந்தால் ஜனவரியிலும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடிய பிறகு எடுத்த தாளை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தத் தண்ணீர் எப்போதோ போய்விட்டது. பெரும்பாலான கிணறுகளில் மே மாத எண்தான் மோசமாக இருக்கும், சிலவற்றில் முதல் மழை மேல்மண் உப்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஜனவரியில் கூடுதலாகக் காட்டும். இரண்டில் எது மோசமோ அதை வைத்துப் பயிரைத் தேர்ந்தெடுங்கள். பாட்டிலின் மேல் எந்தப் போர், எத்தனை அடி, எந்தத் தேதி என்று அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள். ஒரே நிலத்தில் இரண்டு போர் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி பாட்டில்.